தேய்ந்த குழலில் சுட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு

மாதுங்காவின் மாண்பே! மயிரிழையும் பிசகாத மதியே! செப்புப் பட்டையில் சிந்தை வைத்த செம்மலே! பேச்சைச் சுருக்கிப் பென்சிலைப் பெருக்கிய பெருந்தகையே! இருபத்திரண்டு ஆண்டுகள் நவி மும்பை ஐரோலி ஆலையின் வரைபடக் கூடத்தில் பீரங்கிக் குண்டுகளை வடிவமைத்து, இன்று பணி நிறைவு பெறும் உயர்திரு வேங்கடசுப்ரமணியன் அவர்களே! ஆலையின் தமிழ் ஊழியர்கள் பதினோரு பேரும் எழுந்து நின்று, இரு கை கூப்பி, வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. அலுவலகக் கணினியில் அதற்கென்றே ஒரு பழைய கோப்பு இருக்கிறது. பெயரையும் ஆண்டையும் மாற்றினால் போதும். ‘பாசத்தின் பிறப்பிடம், பணிவின் உறைவிடம்’ எல்லாம் அப்படியே நிற்கும். சென்ற ஆண்டு ஸ்டோர்ஸ் பிரிவில் ஓய்வு பெற்றவர் யாரிடமும் பணிந்ததாக எங்களுக்கு நினைவில்லை. அவருக்கும் அதையே வாசித்தோம், அவரும் கண் கலங்கினார். தங்களுக்கும் அதையே வாசித்துவிட்டு, சால்வை போர்த்தி, சமோசா தின்று கலைவதாகத்தான் இருந்தோம். அது ஏன் முடியாமல் போயிற்று என்பதே இந்த மடல்.

தங்கள் சோதனை அறிக்கைகளில் ‘நான்’ என்ற சொல் கிடையாது. ‘வடிவமைப்பாளர் கண்டார், வடிவமைப்பாளர் ஐயுற்றார்’ என்றுதான் இருக்கும். அதே முறையில் நாங்களும் இனித் தங்களை ‘அவர்’ என்றே எழுதுகிறோம். எங்களுக்கும் அது வசதி. சொல்லப்போகும் சில செய்திகளை முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு போதவில்லை.

நுண்ணளவின் நாயகர் அவர்!

அவருடைய வேலை என்னவென்று தெரியாதவர்களும் இந்த அவையில் உண்டு. பீரங்கிக் குழலின் உட்சுவரில் திருகுபோல் வளைந்தோடும் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டின் இடுப்பில் செப்புப் பட்டை ஒன்று இருக்கும். சுடும்போது அந்தப் பட்டை பள்ளங்களில் அழுந்திக் கடித்துக்கொள்ள வேண்டும். கடித்தால்தான் குண்டு சுழலும். சுழன்றால்தான் மூக்கை முன்னே நீட்டி நேரே போகும். கடிக்காவிட்டால் நடுவானில் தடுமாறி, போக வேண்டிய தூரம் போகாமல் முன்னாலேயே விழும். அங்கே இருப்பவர்கள் நம் வீரர்களாகவே இருக்கலாம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் புதிய மாதிரிப் பட்டை ஒன்றை வடிவமைத்தார். ஆலைக்கே அதில்தான் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பினோம். சோதனைத் திடலில் அறுபது குண்டுகள் சுடப்பட்டன, அறுபதும் குறி தவறவில்லை. மேலாளர் இனிப்புப் பெட்டியைத் திறந்துவிட்டார். வடிவமைப்பாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரோ, சுட்ட குழல் புத்தம் புதியது, தேய்ந்த குழலில் பத்துக் குண்டாவது சுட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன் என்று சொல்லிவிட்டார். தம் பட்டைக்குத் தாமே எதிர்க்கட்சி ஆன மனிதரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை!

ஒப்பந்தத்தில் புதுக் குழல் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். தேய்ந்த குழல் கிடைத்து, திடலில் முறை வந்து, சுட்டு முடிக்க எட்டு மாதம் ஆகும் என்று தெரிந்தது. அத்தனை நாள் ஆர்டர் காத்திருக்காது. மேலாளர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் கடைசல் பிரிவின் போர்மேன் தாஹிரை அனுப்பினார்கள். தாஹிர் தாராவிக்காரர். அவருடைய அக்காள் கணவர் இனாயத்துல்லா உட்பட பத்தொன்பது பேர் அந்த ஆர்டரை நம்பி லேத்தில் நின்றார்கள்.

“சார், பத்தொம்பது குடும்பம் சார். ஒரு கையெழுத்துல என்ன ஆயிரப்போவுது?” என்று தாஹிர் கேட்டார்.

“சண்டைன்னு வந்தா புதுக் குழல் எத்தனை நாள் புதுசா இருக்கும், தாஹிர்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு குனிந்து வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆர்டர் கைநழுவிப் போயிற்று. ஒரு ஷிப்டையே மூடினார்கள். பத்தொன்பது பேரும் ஒரே வெள்ளிக்கிழமையில் கேட்டைத் தாண்டி வெளியே போனார்கள். அவர் வரைபடக் கூடத்தின் ஜன்னலில் நின்று கடைசி ஆள் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நாங்கள் திமிர் என்றே எடுத்துக்கொண்டோம்.

எட்டு மாதம் கழித்துத் தேய்ந்த குழலில் பத்துக் குண்டுகள் சுட்டார்கள். பத்தும் நன்றாகப் போயின. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. அவர் அன்றே கையெழுத்திட்டார். வாங்கத்தான் ஆள் இல்லை. மறுநாள் அவர் டிபன் டப்பாவோடு கேண்டீனுக்குள் நுழைந்தபோது, எங்கள் மேசையிலிருந்து தாஹிர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பத்தும் பாஸ். எங்க ஆளுக பத்தொம்பது பேருதான் பெயில்.”

நாங்கள் சிரித்தோம். அவர் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை மேசைக்குப் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஆறு ஆண்டுகள் அவர் அங்கேதான் சாப்பிட்டார்.

பொறுமையின் பெருமலை அவர்! பொல்லாங்கு பேசாத புண்ணியர்!

இப்படி எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். ஆறு ஆண்டில் அவர் எங்களைப் பற்றி மேலிடத்தில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வரைபடத்தில் ஐயம் என்று போனால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார், பொறுமையாக விளக்குவார். நாங்கள் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். தாணேயில் ஐரோலி ரயிலுக்கு மாறும் இடத்தில் எங்களில் மூவர் தினமும் அவருக்குப் பத்தடி தள்ளி நிற்போம். ரயில் வந்ததும் அவராகவே அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்வார், எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று. எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு ‘ஐரோலி குடும்பம்’ என்று பெயர். பதினோரு பேரும் இருக்கிறோம், அவர் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் அவர் பதினைந்து நாள் விடுப்பு எடுத்தார். லீவு எடுக்காத மனிதர் எங்கோ ஊர் சுற்றப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டோம். திரும்பி வந்தபோது தலை மழித்திருந்தது. கொள்முதல் பிரிவின் கிருஷ்ணா, பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் வலியப் போய்ப் பேசினார்: திருப்பதிக்குப் போய்விட்டு லட்டுகூடக் கொண்டுவரவில்லையா என்று. கேண்டீனே சிரித்தது. அவர் கிருஷ்ணாவைப் பார்த்தார், எங்கள் மேசையைப் பார்த்தார்.

“மறந்துட்டேன்,” என்றார்.

அவ்வளவுதான். ஒற்றை மேசைக்குப் போய் டப்பாவைத் திறந்தார். கஞ்சன் என்று கிருஷ்ணா சொன்னதற்கும் நாங்கள் சிரித்தோம்.

இந்த மாதம் மடல் வேலை தொடங்கியது. பழைய கோப்பின் கடைசிப் பத்தியில் ‘தம் இனிய இல்லத்தரசி’ என்று போட்டு ஒரு கோடு விட்டிருக்கும். அதில் பெயரை நிரப்ப வேண்டும். எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டு ஒன்றாக வேலை பார்த்தவரின் மனைவி பெயர்! யார் போய்க் கேட்பது என்று சீட்டுக் குலுக்கியதில் தாஹிரின் பெயர் வந்தது. ஆறு ஆண்டாக முகம் கொடுத்துப் பேசாதவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நிறுத்தத்தில் பஸ் இறங்கி, வழி கேட்டு, மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் தட்டினார்.

அவர் கதவைத் திறந்தார். தாஹிரைக் கண்டதும் திகைத்தார். உடனே உள்ளே வாங்கோ என்றார். தாமே காபி கலந்துகொண்டு வந்தார். இரண்டு டம்ளர் எடுக்க அலமாரியில் வெகுநேரம் தேடியதைத் தாஹிர் கவனித்தார். காபியைக் குடித்துவிட்டு, மடலில் போட மேடத்தின் பெயர் வேண்டும் என்றார். ராஜலக்ஷ்மி என்றார் அவர். தாஹிர் குறித்துக்கொண்டார். விழாவுக்கு மேடமும் வருவார்கள் அல்லவா, முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும் என்றும் கேட்டார்.

“அவ வரமாட்டா, தாஹிர். காலமாகி ரெண்டு வருஷம் ஆறது.”

தாஹிர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். ஆகஸ்டு, பதினைந்து நாள், மழித்த தலை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிள்ளை இல்லாத வீடு. கர்மம் முழுவதையும் அவரே தனியாகச் செய்திருக்கிறார். தாஹிர், ஏன் சார் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொல்லலாம்னுதான் அன்னிக்குக் கேண்டீனுக்கு வந்தேன்,” என்றார் அவர். “எல்லாரும் சாப்பிட்டுண்டு இருந்தேள்.”

தாஹிர் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேரே தாராவியில் இனாயத்துல்லாவின் பட்டறைக்குப் போனார். வேலை போன இரண்டாம் ஆண்டு இனாயத்துல்லா சொந்தமாக ஒரு லேத் போட்டுக்கொண்டவர். அவருக்காகத்தான் தாஹிர் இத்தனை ஆண்டு கோபத்தைச் சுமந்தார். நடந்ததைச் சொல்லி, ஆனாலும் உங்க வேலை போனது அவரால்தானே மச்சான் என்று தாஹிர் தம் பக்கத்துக்கு ஒரு நியாயம் தேடினார். இனாயத்துல்லா இயந்திரத்தை நிறுத்தினார்.

“அந்தப் பட்டயக் கடஞ்சவன் நானு. தேஞ்ச பேரலுக்கு இது கடிக்குமான்னு எனக்கும் சந்தேகம் இருந்துச்சு மாப்ள. அவரு வாயத் தொறந்தாரு. நான் தொறக்கல, அவ்வளவுதான்.” பத்துக் குண்டும் நன்றாகப் போனதே என்று தாஹிர் விடாமல் கேட்டார். “போகுமுன்னு முன்னாலயே யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, இனாயத்துல்லா மறுபடியும் லேத்தை ஓட்டத் தொடங்கினார்.

திங்கட்கிழமை தாஹிர் இந்த இரண்டு இடத்துக் கதையையும் எங்களிடம் சொன்னார். கிருஷ்ணா எழுந்து வெளியே போய்விட்டார், ஒரு மணி நேரம் திரும்பவில்லை. பழைய கோப்பை மூடினோம். அவரோ விழாவே வேண்டாம், வழக்கமான ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். தாஹிர் மூன்று நாள் பின்னாலேயே நடந்து, தேநீர் நேரத்தில் கொஞ்ச நேரம் கேண்டீனுக்கு வர மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தார்.

மடலை என்னவென்று எழுதுவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. மன்னிப்பு என்று எழுதலாம் என்றார் கிருஷ்ணா. மன்னிப்புக் கேட்டால் அவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லித்தான் ஆக வேண்டும், கடைசி நாளில் அந்தப் பாரத்தையும் அவர் தலையில் வைப்பதா என்றார் தாஹிர். இதை வாசிக்கும் கணக்குப் பிரிவு விசாலாக்ஷிக்கு வேறொரு கவலை. மங்கலமான மேடையில் இழவுச் செய்தி பேசலாமா, வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் திட்டுவார்கள் என்றாள். பிறகு அவளே, சாவு வீட்டுக்குப் போகாத ஆட்கள் வேறெதைப் பேசினாலும் பொய்தான் என்று சொல்லி, வாசிக்க ஒப்புக்கொண்டாள்.

ஆகவே, சார்! அளவில் பிழை பொறுக்காத அறவோரே! ஆறு ஆண்டு எங்கள் பிழை பொறுத்த அன்பரே!

நோய் நொடியின்றி நெடுநாள் நீங்கள் வாழ வேண்டும். இதை மனதார வேண்டுகிறோம். சுவரில் மாட்டத் தகுந்த மடல் இது இல்லை என்பதால் சட்டம் போடவில்லை. சால்வையும் வாங்கவில்லை. யாரும் கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறோம். விசாலாக்ஷி இந்தத் தாளை மடித்து வைத்ததும், நாங்கள் பதினோரு பேரும் நாற்காலிகளை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்காரப் போகிறோம். இழவு வீட்டுக்குப் போனால் நம் ஜனங்கள் எதைக் கேட்பார்களோ அதை இரண்டு ஆண்டு பிந்திக் கேட்கிறோம். ரயில் போனால் அடுத்த ரயில் இருக்கிறது. உங்களால் முடிந்த வரை சொல்லுங்கள், முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம்.

மாமிக்கு என்ன ஆச்சு, சார்?

கேட்கக் காத்திருக்கும்,
ஐரோலி ஆலையின் தமிழ் ஊழியர்கள்
தாஹிர், கிருஷ்ணா, விசாலாக்ஷி மற்றும் எண்மர்