கணக்கில் சேராத பிள்ளை

திருவான்மியூரிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில், மடியில் கைக்குழந்தையோடு இருந்தவள் அடித்த செல்போனைக் கட் செய்துவிட்டுப் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்:

“எடுக்கலைன்னா, எனக்குக் குழந்தையே பொறக்கலைன்னு எழுதிடுவாங்கடி.”

“யாரு?”

“டெஸ்ட் டியூப் ஆஸ்பத்திரில ஆராய்ச்சி பண்றவங்க. வைத்தியம் எத்தனை பேருக்குப் பலிச்சுதுன்னு கேக்குறாங்க.”

“பலிச்சுதுன்னு சொல்லேன்.”

“எங்க சொல்றது? முன் சீட்டுல மாமியார். ஊசி போட்டதே அவங்களுக்குத் தெரியாது. மருந்தீஸ்வரர் குடுத்த பிள்ளைன்னு இப்பத்தான் அர்ச்சனை பண்ணிட்டு வராங்க.”

பின் சீட்டில் எனக்கே கேட்டது. முன் சீட்டுக்குக் கேட்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. மாமியார் திரும்பினார்.

“யாரும்மா அது, விடாம?”

“ஏதோ கம்பெனி, அத்தை.”

“நமக்கு எதுவும் வேணாம், எல்லாம் ஈஸ்வரன் குடுத்துட்டாருன்னு சொல்லிடு.”