கமிட்டி தந்த அண்ணன்

முத்தியால்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பல்கலைக்கழக மாணவியும் மாணவனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒழுங்கு கமிட்டி முன்னாடி என்னை ஏன்டா தங்கச்சின்னு சொன்ன?”

“ஆணும் பொண்ணும் ஒரே பெஞ்சில உக்காரக் கூடாதாம். வேற என்ன சொல்றது? அண்ணன் தங்கச்சின்னதும் விட்டுட்டாங்கல்ல?”

“பெஞ்சுக்கு விதி போட்டதுங்களுக்குத்தான் புத்தி இல்ல. கட்டிக்கிறேன் கட்டிக்கிறேன்னு என் பின்னாடியே சுத்துனியே, உன் வாய் எங்கடா போச்சு?”

“சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்கடி.”

“பண்ணட்டுமே! நாளைக்கு உங்கப்பா என்னைப் பாத்து ‘இவ யாரு’ன்னு கேட்டாலும் தங்கச்சின்னுதான் சொல்லுவ.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மணிக்கூண்டு நிறுத்தத்தில் அவள் எழுந்தாள்.

“சாயங்காலம் போன் பண்றேன்,” என்றான் மெதுவாக.

படியில் நின்றபடி, பஸ் முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்: “சரிங்கண்ணா, வரேன்!”