தீர்வை இல்லாத போத்தல்

தேத்தண்ணீருக்கு நன்றி, ஐயா. சீனி போட்டிருக்கிறீர்கள். மீனாம்பிகை அக்காவுக்கு நீரிழிவு வந்ததிலிருந்து நானும் வெறும் தேத்தண்ணீர்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான் மிஞ்சியிருந்தோம். மற்றவர்கள் கனடாவில்.

அவளுடைய இன்சுலினை வவுனியாவில் வாங்கி, சூடும் குளிரும் காக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஐஸ் நிரப்பி, நடுவே குப்பிகளை வைத்து, கிளாலிக் கடலால் படகில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவேன். கரையில் வாற சாமான்களுக்கு வரி, அதுதான் தீர்வை, எடுப்பவர்கள் சவர்க்காரம்வரை கொட்டிப் பார்ப்பார்கள். மருந்துக்கு மட்டும் தீர்வை இல்லை. அங்கே நின்ற சிமியோன் அண்ணை போத்தலைத் திறக்கவே விடமாட்டார்.

"மூடியிலை கை வையாதை. குளிர் போனா மருந்தும் போச்சு. அக்கா எப்பிடி?"

"சுகம், அண்ணை."

"உனக்கு எப்ப கலியாணம்? அக்காவைச் சாட்டிக்கொண்டு திரியிறாய்."

யாரும் திறக்காத போத்தல். கைக்கடிகாரங்களுக்கோ கடும் தீர்வை. பொலித்தீனில் சுற்றி ஐஸுக்குள் வைத்துப் பார்த்தேன். ஈரம் பட்டு நின்றுபோயின. சாவகச்சேரிக் கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டார். அதன்பிறகு ஐஸ் வைப்பதை விட்டேன். குப்பிகளை எறியவில்லை. கடிகாரங்களுக்கு நடுவே பத்திரமாகத்தான் வைத்தேன்.

அக்கா மெலிந்தாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள்.

"தம்பி, உந்த மருந்து கேக்குதில்லையடா. கூடப் போடட்டே?"

ஓம் என்றேன். சூட்டில் கிடந்தது வேலை செய்யாது என்று தெரியும். அடுத்த பயணம் ஐஸோடு வரலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

ஆவணியில் அவள் போனாள். மின்சாரமும் இல்லை, வானொலிக்குப் பற்றறியும் இல்லை. நாள் முழுக்க வீட்டில் ஒரு குரலும் கேட்காது. பயணத்தை நான் நிறுத்தவில்லை. குப்பிகளையும் வாங்கினேன், காட்டுவதற்கு. அவளைப் பற்றி விசாரிக்க சிமியோன் அண்ணையை விட்டால் எனக்கு யாருமில்லை. அவர் கேட்பார், சுகம் என்பேன். திரும்பும் வழியெல்லாம் அவள் இருப்பதுபோலவே இருக்கும்.

போன மாதம் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, என்ரை சின்னவளுக்கும் உதே வருத்தம். ஆசுப்பத்திரியிலை மருந்து முடிஞ்சுதாம். ஒரு குப்பி தாவன்."

இல்லை என்றால் ஏனென்று கேட்பார். அக்கா இறந்ததைச் சொல்லவேண்டி வரும். அதன்பிறகு எப்பிடி என்று யார் என்னிடம் கேட்பார்கள்?

"ஓம் அண்ணை, வீட்டை கொண்டுவாறன்" என்றேன். ஐஸில்லாமல் வந்த குப்பி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் செத்தவீட்டுக்குப் போய், பந்தல் போடவும் கைகொடுத்தேன்.

குப்பிக்கு அவர் காசு தரத்தான் பார்த்தார், ஐயா. நான் வாங்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.