குண்டு படாத கமாண்டோ

ஹலோ… ஹலோ… மரியசெல்வத்தோட அம்மாங்களா?… ஆங், வணக்கம்மா. நான் தணிகாசலம் பேசறேன். வீரவணக்க விழா கமிட்டி செயலாளர்… ஆமா, ஆமா, ஞாயித்துக்கெழம மயிலாப்பூர்ல நடக்குதே, அதேதான். காலைல நம்ம பாண்டுரங்கன் நொச்சிக்குப்பத்துக்கு வந்து, பேனரை ஃபோன்ல காட்டினாராமே… பாத்தீங்களா? பையன் ஃபோட்டோ நல்லா வந்திருக்கில்ல?… அதான், அதான். அதுல எழுதினது தப்புன்னு சொல்லி அனுப்பினீங்களாம். அதுக்குத்தான் நானே கூப்பிட்டேன்.

‘எதிரியின் குண்டுக்கு மார்பு காட்டிய கடற்படைக் கமாண்டோ’ன்னு போட்டிருக்கோம். இதுல என்னம்மா தப்பு?… சரி… குண்டு படலியா?… அப்ப வெடியா?… ம்… ம்… பயிற்சியிலயா?

பயிற்சின்னா… சண்டையே இல்லியா?… எதிரின்னு ஒருத்தன் கூடவா இல்ல?… கடலுக்கு அடியில… சரி… மூச்சு முட்டி… சரிம்மா, சரிம்மா, புரியுது.

ஒரு நிமிஷம் இருங்க… பாண்டு, கேட்டியா? பயிற்சியில முழுகிப் போயிருக்கான்யா. என்னத்தய்யா விசாரிச்ச நீ… அம்மா, லைன்ல இருக்கீங்களா?

தப்பா எடுத்துக்கக் கூடாது. மேடையில உக்காரப் போறவங்கள்லாம் பெரிய எழவு கண்டவங்க. ஒருத்தர் புள்ளய மலையில சுட்டாங்க. இன்னொருத்தர் புருஷன் கண்ணிவெடியில போனவரு, மிச்சம் கூடக் கெடைக்கல. அந்த வரிசையில உங்களக் கொண்டாந்து வெச்சா, அவங்க மனசு என்ன பாடுபடும்?… ஆமாம்மா, நீங்களும் புள்ளயக் குடுத்தவங்கதான். யாரு இல்லன்னா? ஆனா சாவுல ஒரு தரம் இருக்கில்ல?

ஒண்ணு பண்ணலாம். பேனர் அடிச்சாச்சு. நீங்க எதுவும் பேச வேணாம். மேல வந்து நில்லுங்க, கண்ணு கலங்கினா போதும். பத்திரிகைக்காரங்க கேட்டா ‘ஆமாங்க, குண்டு பட்டுச்சி’ன்னு ஒரு வார்த்த… மாட்டீங்களா?… இதெல்லாம் ஒரு பொய்யாம்மா?… புள்ள பேரால சொல்ல மாட்டீங்க. சரி. கோயிலுக்குப் போற ஆளு. சரி, சரி.

அப்ப மேட கெடையாதும்மா. கீழ ரெண்டாவது வரிசையில ஒரு நாற்காலி போடறேன். சால்வைய அங்கயே வந்து போட்டுடுவாங்க… ஆமா, உக்காந்த எடத்துலயே. அன்னிக்கு மீன் விக்கற எடத்துலருந்து நேரா வந்துடாதீங்க. தலைவரு பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுப்பாரு, அவருக்கு வாசன ஒத்துக்காது… குளிச்சிட்டுத்தான் வருவீங்களா. நல்லது.

இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. குப்பத்துல பொறந்து அலையிலயே வளந்த பையன். அவனுக்கு எப்படிம்மா நீச்சல் மறந்து போச்சி?… சிரிக்கலம்மா. பாண்டுதான் சிரிக்கறான்… அழறீங்களா?… இல்லியா?

என்னது… திருப்பிச் சொல்லுங்க… ஜோடி ஜோடியா எறங்கினாங்க. சரி… இவன் கூட எறங்கின பையன் அடியில கெடந்த பழைய வலையில சிக்கிட்டான்… ம்… அவன் காத்துக் குழாய் அறுந்துடுச்சி… ம்… உங்க புள்ள தன் குழாயக் கழட்டி அவன் வாயில வெச்சி… வலைய அறுத்து… அவன மேல தள்ளி விட்டுட்டு… இவன்…

அம்மா.

இத ஏம்மா மொதல்லயே சொல்லல?… நான் கேக்கலியா? சரி, என் தப்புதான். பாண்டு, அந்த ரெண்டாவது வரிசைய அடிச்சிட்டு எழுது. மேட. நடு நாற்காலி… அம்மா, இனிமே நீங்க எங்க எல்லாருக்கும் தாய். கார் அனுப்பறேன். விழாவுக்குப் பணம் குடுக்கற பட்டுக்கடையிலருந்து ஒரு பொடவ வாங்கி அனுப்பறேன். வாசன கீசனன்னு சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க.

அது சரி, அந்தப் பையன் உயிரோட இருக்கானா?… இன்னும் படையிலதான் இருக்கானா… வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு வந்து உங்க புள்ளைக்கு மெழுகுவத்தி ஏத்தறானா… உங்க வீட்லயா தங்கறான்?… அம்மான்னுதான் கூப்புடுவானா. பாண்டு, இதக் கேளுய்யா, எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது.

அவன் மேடைக்கு வரணும்மா. நான் மைக்கப் புடிச்சி ‘இதோ நிக்கறானே, இவனுக்காகத்தான் அவன் செத்தான்’னு சொல்றேன். சொன்ன ஒடனே அவன் வந்து உங்க கால்ல விழணும். அரங்கமே எழுந்து அழும்… ஏன் வேணாம்?… தாங்க மாட்டானா?… உயிரோட இருக்கறவனுக்குத் தாங்கறதுக்கு என்னம்மா இருக்கு?… ம்… மொத வருஷம் வந்தப்ப வாசல்லயே நின்னானா… உள்ள வர மாட்டேன்னு… ‘என்னப் பாத்தா உங்களுக்கு வெறுப்பா இல்லியா’ன்னு கேட்டானா… நீங்க என்ன சொன்னீங்க?… ‘கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்’னு சொன்னீங்களா?… அவ்வளவுதானா?

சரிம்மா, அதெல்லாம் வீட்டுக்குள்ள. நான் கேக்கறது மேட. பையன் பேரச் சொல்லுங்க… ஊரையாவது சொல்லுங்க… இன்னாம்மா இது, கெஞ்ச வெக்கறீங்க.

இங்க பாருங்க. நானும் பொறுமையாத்தான் பேசினுகிறேன். அவன் வந்து நிக்கலன்னா இந்தக் கதைய எவன் நம்புவான்? முழுகிச் செத்தவனோட அம்மா ஆயிரம் சொல்லுவா. சாந்தோம்லருந்து லஸ் வரைக்கும் பேனர் கட்டப் போறோம். அவன் வந்தா உங்க புள்ள நடுவுல இருப்பான். வரலன்னா, உங்க புள்ள மூஞ்சி மேல பட்டுக்கடை விளம்பரத்த ஒட்டச் சொல்லிடுவேன். நாளைக்கு நீங்க கூடயத் தூக்கிட்டு அந்தப் பக்கம் நடக்கறப்ப, அதே பேனர்ல இருக்கற மத்த பசங்கள்லாம் மேலருந்து பாப்பாங்க. உங்க புள்ள எடத்துல பொடவ தொங்கும். யோசிச்சி சொல்லுங்க…

ஒட்டிக்கலாமா?… யோசிக்கவே வேணாமா?… பெத்த புள்ள மூஞ்சிம்மா… என்னது… உங்க புள்ள தண்ணிக்கு மேல தள்ளி விட்டவன, நீங்க திரும்பக் கீழ அமுக்க மாட்டீங்களா?… நல்லாப் பேசறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது, ஃபாதரா?…

இருங்க, இருங்க. பின்னால யாரது, ‘அம்மா’ன்றது? ஆம்பளக் கொரலு… பாண்டு, காலண்டரப் பாரு, கல்லறைத் திருநாளு என்னிக்கி?… இன்னிக்கா?… அம்மா, அவன் அங்கதான் இருக்கான், இல்ல? சாப்பிட உக்காந்திருக்கானா?… ஃபோன அவன்கிட்ட குடுங்க… ஒரே நிமிஷம்மா. ‘எவனோட மூச்சுலடா நீ சோறு தின்றே’ன்னு ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு வெச்சிடறேன். தன்னால மேடைக்கு வருவான்… குடுங்கம்மா… ‘யாரும்மா ஃபோன்ல’ன்னு அவனே கேக்கறான் பாருங்க, எனக்கே கேக்குது. சொல்லுங்க. தணிகாசலம், விழாக் கமிட்டி செயலாளர்னு சொல்லுங்க…

என்ன… அவன்கிட்ட என்னன்னு சொன்னீங்க?… ராங் நம்பரா?… அம்மா, நானா ராங் நம்ப…