எதிர்க்கடைக்காரரின் நாக்கு

எனக்குச் சளி பிடித்தால் ஆரியசாலையில் பாதி தைல வியாபாரம் நின்றுவிடும், இன்ஸ்பெக்டர் ஏமான். பெருமைக்குச் சொல்லவில்லை. தரகர் திரவியத்தின் மூக்கு என்றால் சாலைக் கம்போளக் கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

காகிதத்தில் ஒரு சொட்டு விடுவேன். எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம். கறையில்லாமல் பறந்துவிட்டாலும் விடமாட்டேன். அந்தி வரை அந்தக் காகிதத்தை எடுத்தெடுத்து முகர்ந்து பார்ப்பேன். அசல் மணம் நேரம் போகப்போகக் குணம் மாறும். சீமையில் காய்ச்சிய செயற்கைச் சரக்கு காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே இருக்கும், உங்கள் போலீஸ் கச்சேரி குமாஸ்தாவின் முகம் மாதிரி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேதமாணிக்கத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து என் எதிரே கடை போட்ட தரகர். நாக்கில் ஒரு சொட்டு விட்டுச் சப்புக்கொட்டி, நின்ற நிலையில் தீர்ப்பு சொல்லிவிடுவார். வியாபாரிகள் ஒவ்வொருவராக எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்கள். "திரவியம் அண்ணாச்சிக்க மூக்கு தீர்ப்பு சொல்லதுக்குள்ள சரக்கு கப்பலேறிரும்" என்று அவர் சொன்னதற்கு, என் கடை வாசலில் நின்றே சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

சோப்பு காய்ச்சுகிறவர்களுக்காக பம்பாயிலிருந்து வரும் செயற்கை வாதுமைத் தைலம் என்னிடம் ஒரு குப்பி இருந்தது. வாசனையில் அசலுக்கே அண்ணன். வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொல்லும் என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். சீட்டு அழுக்காக இருந்தது, சுரண்டி எடுத்தேன். எதிர்க்கடையில் ஆள் கூடியிருந்த நேரம் பார்த்துக் கொண்டுபோனேன்.

நாக்கில் தொட்டார். "சுத்தம் தன்னே, அண்ணாச்சி."

"உறுதிதானா ஓய்?"

உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். "பின்னே? இதுல என்ன சந்தேகம்?"

"எனக்கு என்னமோ செயற்கைன்னுதான் தோணுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாக்கை நம்பிப் பிழைக்கிறவர் அந்த இடத்தில் பின்வாங்க முடியுமா? குப்பியை அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். பிறர் தொழிலில் தலையிடுவது என் வழக்கமில்லை.

சாயங்காலம் அவர் மனைவி எலிசாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, அவருக்கு உதடெல்லாம் நீலமாயிட்டு. குடிச்சது என்னன்னு டாக்டர் கேக்காரு. சொல்லுங்க அண்ணாச்சி."

"அசல் வாதுமைத் தைலம். ஒன் மாப்பிள்ளையே சொன்னாரே" என்றேன்.

காலில் விழுந்து அழுதாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரே மெச்சுகிற நிபுணர் சொன்ன தீர்ப்பை நான் எப்படி மாற்றிச் சொல்வது? அவளை எழுப்பி, கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஆமாம், விஷம் என்று தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் எலிசாளிடமும் மறைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வேதமாணிக்கம் இறந்துபோனார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் தீர்ப்பு தப்பு என்று கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும், ஏமான். கம்போளத்தில் சிலர் இன்னும் அது சுத்தமான சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.