உள்பக்கம் திருப்பிய டயர்

டயருக்கும் பிறந்த தேதி உண்டு, சார். விலாவில், ஒரு பக்கம் மட்டும், நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இருபத்தாறு வருடமாக டயர் மாட்டுகிறேன். அந்தத் தேதியைக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் ஷூ முனையால் ஓர் உதை விடுவார்கள், தரையில் படும் வெட்டுகளைப் பார்த்து "பட்டன் தேயவே இல்லையே" என்பார்கள். உதைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள அது என்ன கழுதையா?

என் தங்கையின் கணவரும் உதைத்தார். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். என் பட்டறைக்கு இழுத்துவந்து, படுக்கை, அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் எனக்குக் காட்டினார். சக்கரத்திடம் கடைசியில்தான் வந்தார்.

"மச்சான், ஒன்பது வருஷமா கொட்டகையிலயே நின்ன வண்டி. டயர் புத்தம் புதுசு மாதிரி இருக்கு. சும்மா ஒரு பார்வை பாத்துருங்க."

நிற்பதுதான் டயருக்கு நோய். ஓடாத ரப்பர் காய்ந்து இறுகும். மேலே பட்டன் பளபளக்க, உள்ளே செத்துப்போயிருக்கும். கொட்டகையின் திறந்த பக்கம், வெயில் பார்த்து நின்ற டயரில் விலா முழுக்க முடியளவு வெடிப்பு. வயது பதினொன்று. வேறு யாராக இருந்தாலும் வண்டியை நகர்த்த விட்டிருக்க மாட்டேன். என் பட்டறையில் அது சட்டம்.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்தைக் கழற்றினேன். டயரை ரிம்மிலிருந்து எடுத்து, திருப்பி மாட்டினேன். வெடிப்பும் தேதியும் உள்பக்கம் போயின. வெளியே தெரிந்த நல்ல விலாவுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டேன். இருபது நிமிட வேலை. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே," என்றார் எழுந்து வந்து.

"உங்க கண்ணு தப்புமா மாப்பிள்ளை," என்றேன்.

காற்று எவ்வளவு வைக்கவேண்டும் என்று கேட்டார். சரியான அளவைத்தான் சொன்னேன். அதில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். நான் வேறொரு சக்கரம் ஆடாமல் சுற்ற ஈயத் துண்டு ஒட்டி எடை பார்த்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"அண்ணா, பின்னாடி வண்டி லேசா ஆடுது. இவர் ஒண்ணுமில்லைங்கிறார். ஓரமா நிறுத்திப் பாக்கச் சொல்லட்டுமா?"

"கேரவன்னா ஆடத்தாம்மா செய்யும். மாப்பிள்ளைக்குத் தெரியாததா? போங்க."

"நீ சொன்னா சரிண்ணா."

போனை வைத்துவிட்டு எடை பார்த்து முடித்தேன். சக்கரம் துளி ஆட்டமில்லாமல் சுற்றியது.

முக்கால் மணி நேரம் கழித்து, இறக்கத்தில், டயர் வெடித்தது. கேரவன் சாய்ந்து காரையும் புரட்டிவிட்டது. மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை மணிக்கட்டில் கட்டோடு நின்றார். தங்கையை அதற்குள் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

"மச்சான், நீங்க சொன்ன அளவுதான் காத்து வச்சேன்," என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் அவருக்குக் காற்று மட்டும்தான் தெரிந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

உங்கள் ஆட்களில் ஒருவர் தரையில் படுத்து உள்பக்கம் பார்த்தார் என்றீர்கள். அவருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அங்கே பார்த்த முதல் ஆள் அவர்தான். அதனால்தான் உங்களிடம் சுற்றிவளைக்கவில்லை. நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். போன வருடம் மாப்பிள்ளை பதவி உயர்வுக்கு வீட்டில் விருந்து வைத்தார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். நகத்தில் மட்டும் கறுப்பு போகவில்லை. அவர் என் தோளில் கை போட்டு, ஆபீஸ் ஆட்கள் முன்னால், "இவர் நம்ம மச்சான். காத்து வாங்குறதுதான் நமக்கெல்லாம் பழக்கம், இவர் அதை அடைச்சு விக்கிறவர்," என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பகை. அதுவும் அவரோடு மட்டும்தான்.

தங்கை மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவள் ஒருத்தி சிரித்துக்கொண்டே இருந்தாள் என்பதைக்கூட நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.