டாலர் ஏறினால் தங்கம் ஏறாதா?

ஒரகடம் ஷேர் ஆட்டோவில் அன்று நான்கு பேர்தான்: டிரைவர், ஒரு பட்டறை முதலாளி, அவர் மனைவி, சண்டை என்றாலே ஒதுங்கிப்போகும் நான்.

"ராணுவ வண்டி பார்ட்டுக்கு வெளிநாட்டு இரும்பு வாங்கி, டாலர் ஏறி நஷ்டப்பட்டோமில்ல? அந்த வித்தியாசத்த கவர்மெண்ட் குடுத்துட்ச்சி. அப்ப வித்த உன் சங்கிலிக் காசு இந்தா, ரெண்டு லட்சம்" என்று கவரை நீட்டினார் முதலாளி.

அந்தம்மா தொடவில்லை. "டாலர் ஏறினதுக்கு வாங்கிக்கினியே, தங்கம் ஏறலியா?"

"அதுக்கு நான் இன்னா கவர்மெண்ட்டா?"

"நீ கவர்மெண்ட்டுக்கு எழுதின மனுவுலயே டாலர அடிச்சிட்டு தங்கம்னு போட்டுகிறேன். படி" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

படித்தார். "மனு பரிசீலனைல கீது."

"அப்போ ராத்திரி சோறும் பரிசீலனைலதான்."

டிரைவர் சிரித்ததில் ஆட்டோ ஆடியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி தாயி, முழுசா தர்றேன்" என்றார் முதலாளி.

அந்தம்மா கவரை வாங்கிக்கொண்டார். "இன்னிக்கு தங்க வெலைக்கு இன்னும் ஒரு லட்சத்து நாப்பதாயிரம்."